ரோலின் கடைசி முழம்

என் அம்மாவைக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அரிசியும் சோப்பும் துடைப்பமும் ஒரே கூரைக்குக் கீழே விற்கிற பெரிய கடை அது. வாசலை ஒட்டி மூன்று கல்லாக்கள். மூன்றிலும் வரிசை இருக்கும். ஆனால் நடுக் கல்லா வரிசை மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கேதான் அம்மா உட்கார்ந்திருப்பாள். வாசலிலேயே எட்டிப் பார்த்து, மின்னல் இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போனவர்கள்கூட உண்டு என்று அவளே சொல்வாள். பாதியை நம்பலாம். தன் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மா கொஞ்சம் அளப்பாள்.

அந்த வேகத்துக்குக் காரணம், பில் அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு சின்ன கிரீம் டப்பா. சாமான் போட்டுக் கொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அது லேசில் வாய் திறக்காது. மற்ற இரண்டு கல்லாப் பெண்களும் விரலை நாக்கில் தொட்டுத் திறப்பார்கள். அம்மாவுக்கு அது அருவருப்பு. "அடுத்தவங்க திங்கிற சாமான்ல என் எச்சிலா?" என்பாள். ஈர ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்தாள், மின்விசிறிக் காற்றில் அது மதியத்துக்குள் காய்ந்து போனது. அதற்குப் பிறகுதான் கைக்குப் போடும் கிரீம் வந்தது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் டப்பாவில் ஒரு தொடு. ஒரே தேய்ப்பில் பை திறக்கும். அதே விரல்களால் பில்லைக் கிழித்து, இரண்டாக மடித்து, நீட்டிவிடுவாள். தொடு, திற, கிழி, நீட்டு. அந்தக் கடைக்கு வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் முதல் வாரத்தில் அம்மாவிடம் கற்றுக்கொண்டது இதைத்தான். கை வறண்டு வெடிக்காமல் இருந்ததும் அதனால்தான்.

அம்மா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசனைதான். கிரீமும் காகிதமும் கலந்த வாசனை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் வந்துவிடும். அப்பா லாரி ஓட்டினார், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். அதனால் எங்களுக்கு எல்லாமே அம்மாதான். கையில் ஒட்டியிருக்கிற மிச்சக் கிரீமை வீணாக்காமல் என் கன்னத்திலும் கழுத்திலும் தடவிவிடுவாள். இப்போதும் கூட்டத்தில் யாராவது அந்தக் கிரீமைப் போட்டுக்கொண்டு கடந்து போனால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் நானும் தங்கையும் வாசலுக்கு ஓடி வந்தது அம்மாவுக்காக இல்லை, அவள் பைக்காக. பில் ரோல் தீரப் போகும்போது காகிதத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு வரும். வந்ததும் ரோலை மாற்றிவிட வேண்டும். பில் பாதியில் காகிதம் தீர்ந்தால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மாற்றிய பிறகு அடியில் மிஞ்சுவது இரண்டு முழமோ மூன்று முழமோ. மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். அம்மா விரலில் சுற்றி, சின்னச் சக்கரமாக்கி, பையில் போட்டுக்கொள்வாள்.

"நான் வந்தது கண்ணுக்குத் தெரியலையாடி? பேப்பர் மட்டும்தான் நடந்து வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே பையை உயரத் தூக்கிப் பிடிப்பாள். நாங்கள் குதிப்போம். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

அது சாதாரணக் காகிதம் இல்லை. பென்சில் வேண்டாம், பேனா வேண்டாம். நகத்தால் சர்ரென்று கீறினால் கறுப்புக் கோடு விழும். சூடு பட்டால் கறுத்துவிடும் காகிதம் அது, மெஷினுக்குள் மையே கிடையாது என்று அம்மா விளக்கினாள். விளக்கம் யாருக்கு வேண்டும்? எங்களுக்கு அது மந்திரம். டீ டம்ளரைச் சுடச்சுட அதன்மேல் வைத்து எடுத்தால் அடிவிளிம்பு அப்படியே வட்டமாகப் பதியும். இரண்டு வட்டம் போட்டால் பஸ்ஸுக்குச் சக்கரம். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு முழத்தை முழுக்கத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். என்னடி இது என்று அம்மா கேட்டதற்கு, "ராத்திரி" என்றேன். திட்டுவாள் என்று பார்த்தால், அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

அதில் கிரீடம் செய்தோம், பொம்மைக்குக் கட்டுப் போட்டோம், இரண்டு கைகளிலும் தோள்வரை சுற்றிக்கொண்டு டாக்டர் விளையாட்டு விளையாடினோம். சின்னவளுக்கு, அதாவது என் தங்கைக்கு, பல் முளைக்கிற காலத்தில் ஈறு தினவெடுக்கும். அப்போது அவள் கைக்குக் கிடைத்ததும் இந்தச் சக்கரங்கள்தான். கடித்துக் கடித்து ஊறவைத்துவிடுவாள். அம்மா அவள் வாயில் விரலை விட்டு, கூழாகிப் போனதை எடுத்துக்கொண்டே சிரிப்பாள். "மொத்த பில்லையும் முழுங்கிட்டா பாரு. முதலாளிக்கு நான் என்ன கணக்கு சொல்வேன்?"

அந்தச் சிரிப்பை நான் நிறைய நாள் நினைத்துக்கொண்டதுண்டு. எங்கள் வீட்டில் பொம்மைகள் குறைவு, ஆனால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

சின்னவள் பிறப்பதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. எனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். அம்மாவின் வயிறு பெரிதாகி, கல்லா மேஜையின் விளிம்பில் இடித்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி நீட்டி வேலை செய்தாள். ஆறாம் மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரும்போது வயிறு இல்லை, கையிலும் எதுவும் இல்லை. அதன் பிறகு கொஞ்ச நாள் அவள் வேலைக்குப் போகவில்லை, பேப்பரும் வரவில்லை. நான் பேப்பரைக் கேட்டு அழுதேனாம். அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மாவும் பேசியதில்லை.

நாங்கள் வரைந்ததில் நல்லதையெல்லாம், சுவரில் இருந்த ராத்திரியையும் சேர்த்து, அம்மா ஒரு பிஸ்கெட் டப்பாவில் எடுத்து வைத்தாள். கசங்கிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

காலம் ஓடியது. உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாவின் முழங்கால் இரண்டும் வம்பு பண்ண ஆரம்பித்தன. வேலையை விட்டாள். நான் அதற்குள் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். சின்னவள்தான் நடுக் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் அம்மா அவளிடம் கொடுத்தனுப்பியது அந்தக் கிரீம் டப்பாவைத்தான். கொஞ்ச நாளில் சின்னவளைக் குட்டி மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காய் வாங்குகிற சாக்கில் போய், வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

சின்னவள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தாள். அவளுக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளை உட்கார வைத்து ஒரு நர்ஸ் பேசினார். அன்று சாயங்காலம் சின்னவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, பில் பேப்பரைத் தொடக் கூடாதாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"நர்ஸ். அது மேல பூசியிருக்கிற மருந்து தோல் வழியா உள்ள போகுதாம். உடம்புல ஊறுற ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டு, அது வேலையைக் குழப்புமாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் ஆகாதாம். பிளாஸ்டிக் டப்பாவுல சுடச்சுட சோறு போடாதீங்க, வாசனை கிரீமைக் கொறச்சுக்கங்கன்னு நிறைய சொன்னாங்க. நான் கல்லாவுல இருக்கேன்னு சொன்னதும், கையில ஈரமோ கிரீமோ இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க. இருந்தா இன்னும் நல்லா உள்ள இழுத்துக்குமாம்."

அம்மா சிரித்தாள். பெரிதாகவே சிரித்தாள். "பேப்பர் உள்ள போகுதாம்! இத்தனை வருஷம் போயிருந்தா நான் இந்நேரம் பேப்பராத்தான் இருக்கணும். உன் அக்காவைப் பாரு, பேப்பர்லயே பொரண்டு வளந்தவ. எருமை மாதிரி இல்ல?"

"என்னை ஏன் இழுக்கிற?" என்றேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அம்மாவிடம் மட்டும் இன்னும் சீக்கிரம் வரும். "அவ பயந்து போய் வந்திருக்கா. எருமைங்கிற, பேப்பர்ங்கிற. கொஞ்ச நாள் வேற எடத்துல உக்கார வைன்னு முதலாளிகிட்ட நீதான் சொல்லணும். நீ சொன்னாத்தான் அவர் கேப்பார்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "நான் சொல்ல மாட்டேன். நான் உக்காந்த எடம் அது. அந்த எடத்துலதான் உங்க ரெண்டு பேருக்கும் சோறு வந்துச்சு. நான் என்ன, கையால விஷத்தையா கொண்டு வந்து குடுத்தேன்?"

"அப்படி யாரும் சொல்லலையேம்மா" என்றாள் சின்னவள்.

அம்மா காதில் வாங்கவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினாள். சத்தம் தெருவரை கேட்டிருக்கும். மூன்று நாள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவள் தானே போய் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். பழைய முதலாளி போய், அவர் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். கையுறை போட்டால் வரிசை நிற்கும், ஆளை மாற்றவும் ஆள் இல்லை, பார்க்கலாம் என்றாராம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் திரும்பவும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அம்மாவை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு பிள்ளையின் நல்லதைவிடப் பழைய நாற்காலி பெரிதா என்று மனதுக்குள் கருவிக்கொண்டேன்.

அடுத்த முறை சின்னவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அம்மாவும் கிளம்பினாள். "அந்த நர்ஸை நான் ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

நர்ஸ் என் வயதுக்காரர்தான். எங்களை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. அவளுக்கு முழங்கால் வலிக்கும், இருந்தும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கல்லாவுல இருந்தவ" என்று ஆரம்பித்தாள். "இவளுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தங்கல. ஆறு மாசம். அப்பவும் நான் கிரீம் தொட்டுத்தான் பில் கிழிச்சேன். அது அதனாலதானா?"

அன்று பாத்திரம் உருண்டதும், மூன்று நாள் அவள் பேசாமல் இருந்ததும் எதற்கென்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. நாற்காலிக்காக இல்லை அந்தக் கோபம். நர்ஸ் சொன்னதை முதல் வார்த்தையில் கேட்டபோதே அம்மாவின் மனம் தங்காமல் போன அந்தக் குழந்தையிடம் போய்விட்டிருக்கிறது.

நர்ஸ் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதனாலன்னு சொல்ல முடியாதும்மா. எத்தனையோ காரணத்துல அப்படி ஆகும். யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப, அதனால இல்லைன்னு சொல்லுங்க."

நர்ஸ் கையை விடவில்லை. "அதையும் என்னால சொல்ல முடியலம்மா. பொய் சொல்லக் கூடாது இல்லையா? ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க தெரிஞ்சு ஒண்ணும் செய்யல. அப்ப யாரும் உங்களுக்குச் சொல்லவும் இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு சின்னவளைப் பார்த்து, "வா, கடைக்குப் போவோம்" என்றாள்.

"இப்பவா?"

"வேற எப்ப?"

கடையில் சின்ன முதலாளி கல்லாப் பக்கமே நின்றிருந்தார். அவர் டவுசர் போட்ட காலத்திலிருந்து அம்மாவுக்குத் தெரியும். அம்மா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, இவளைப் பில் போட வைக்காதே. வாசல்ல பையை வாங்கி டோக்கன் குடுக்கிற எடத்துல உக்கார வை. அது மரத்துல செஞ்ச டோக்கன், தொட்டா ஒண்ணும் ஆகாது."

"அக்கா, ஊர் உலகம் பூரா பில் கிழிக்கிறாங்க. யாருக்கு என்ன ஆச்சு?"

"ஊர் உலகம் பூரா என் வயித்துல பொறக்கல தம்பி."

வரிசையில் நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளிக்கு முகம் சிவந்தது. "சரிக்கா, மாத்தறேன். நடுக் கல்லாவுக்கு யாரு? நீங்களே ஒரு ஆள் காட்டுங்க."

"நான் உக்கார்றேன்" என்றாள் அம்மா.

நானும் சின்னவளும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். எங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவளின் நாற்காலியில் உட்கார்ந்து, மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கிரீம் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து, மூடி, இழுப்பறைக்குள் போட்டாள். பழைய பழத்தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நர்ஸ் கொடுத்த கையுறையோடு உட்கார்ந்தாள். கையுறையோடு பை திறக்கவில்லை. பில் ஒட்டிக்கொண்டது. மூன்று வரிசைகளில் நடு வரிசைதான் இப்போது ஆமை. பழைய ஆட்கள் விடுவார்களா? "என்ன மின்னல், கரண்ட் போயிடுச்சா?" என்றார் ஒருவர். "வயசாச்சு, வோல்டேஜ் கம்மி" என்றாள் அம்மா. பில்லைக் கிழித்துக் கொடுக்க மாட்டாள். மெஷினைத் திருப்பி வைத்துவிட்டு, "வேணுங்கிறவங்க நீங்களே கிழிச்சுக்கங்க" என்பாள். கைக்குழந்தையோடு யாராவது வந்து, குழந்தை கையில் விளையாடக் கொடுக்கிறேன் என்று பில்லைப் பிடுங்கினால் அம்மா விடமாட்டாள். "அது விளையாட்டுச் சாமான் இல்லம்மா, குடுக்காதே" என்று வாங்கிக் குப்பைத் தொட்டியில் போடுவாள். எத்தனை பேர் முறைத்தார்களோ. வேகத்தைத் தவிர வேறு பெருமை எதுவும் தெரியாத என் அம்மா, எல்லோர் கண்ணெதிரிலும் மெதுவாக இருந்தாள். அதற்கு முன்னால் அவளை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இதை அவளிடம் சொன்னேன். "போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்றாள்.

ஆனால் வீட்டில் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது அவளிடம் அந்தப் பழைய வாசனை இல்லை. எனக்கு அது குறையாகத்தான் இருந்தது. கெடுதல் என்று தெரிந்த பிறகும் ஒரு வாசனைக்காக மனம் ஏங்குமா என்றால், ஏங்குகிறது. என்ன செய்ய?

சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறை ஒன்றுமில்லை, குரல் மட்டும் எட்டு வீட்டுக்குக் கேட்டது. அம்மா அன்றைக்கே கல்லாவிலிருந்து எழுந்துவிட்டாள். தாயையும் சேயையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, குழந்தையின் துணிகளை வைக்க அலமாரியை ஒழித்தேன். மேல்தட்டில் அந்தப் பிஸ்கெட் டப்பா கிடைத்தது.

ஆசையாகத் திறந்தேன். ஒவ்வொரு உறையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பஸ் இல்லை, ராத்திரி இல்லை, ஒன்றுமே இல்லை. எல்லாம் வெள்ளை. ஓரத்துச் சிவப்புக் கோடு மட்டும் மிச்சம். அந்தக் காகிதத்தில் விழுந்தது நாள்பட்டால் மங்கிவிடும், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அம்மா உறையில் போட்டாள்.

"அம்மா, எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றேன்.

அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். பிறகு வெறும் வெள்ளைக் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். "இது உன் பஸ்ஸு. இது சின்னவ கிறுக்கினது. இது நீ வரைஞ்ச யானை, நாய் மாதிரி இருக்கும்." எல்லாம் ஒரே வெள்ளை. அவள் எதை வைத்து அடையாளம் கண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. மடிப்பா, கிழிசலா, நீளமா, எதுவோ.

அடியில் இருந்த ஒன்றை மட்டும் உறையோடு கையில் எடுத்தாள்.

"இது எது?" என்றேன்.

"உனக்கு ஞாபகம் இல்லையா? அஞ்சு வயசுல வரைஞ்ச. நான் நிக்கறேன், பக்கத்துல நீ. என் வயித்துக்கு டம்ளரை வெச்சு வட்டம் போட்ட. அதுக்குள்ள நகத்தால கீறி ஒரு குட்டி. கையி, காலு, பெரிய சிரிப்பு." விரலால் உறைமேல் ஓர் இடத்தைத் தொட்டாள். "அதுக்குன்னு இருந்த படம் இது ஒண்ணுதான்."

சின்னவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அம்மா எங்களை அழவிட்டாள். கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, என்னிடம் நீட்டினாள்.

"மேல வெச்சுடு. குழந்தைக்கு எட்டாத எடத்துல."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியிருக்கிறாள். விரல்விரலாகத் துடைத்துக்கொண்டே வந்து, சின்னவளுக்கு எதிரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இப்பக் குடு" என்றாள்.